‘முடியாது’ சொல்லும் வாசல்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த ஐடி கட்டடத்துக்குள் நுழைந்தாலும், ரிசப்ஷனைத் தாண்டியதும் இடுப்பளவு உயரத்தில் எஃகுப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். கார்டைக் காட்டினால் நடுவில் இருக்கும் இறக்கை பெட்டிக்குள் மடங்கும், காட்டாவிட்டால் மடங்காது. அந்தப் பெட்டிகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும்தான் எனக்குச் சோறு போடும் தொழில். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, தரமணியில் டைடல் பார்க் திறந்த 2000-ஆம் ஆண்டை ஒட்டி இந்த வேலைக்கு வந்தேன். அப்போதெல்லாம் எங்களைக் ‘கார்டு மெஷின் ஆளுங்க’ என்பார்கள். இப்போது விசிட்டிங் கார்டில் ‘என்ட்ரன்ஸ் கன்ட்ரோல் கன்சல்டன்ட்’ என்று போட்டிருக்கிறேன். கையில் இருப்பது அதே ஸ்பேனரும் மல்டிமீட்டரும்தான்.

அன்று பெரும்பாலும் ட்ரைபாட்தான். மூன்று குழாய்க் கைகள், 120 டிகிரி இடைவெளி; ஒன்றைத் தள்ளிப் போனால் அடுத்தது வந்து பின்னால் வருபவரின் வயிற்றுக்கு நேரே நிற்கும். உள்ளே ஒரு ராட்செட் சக்கரம், அதைப் பிடித்துக்கொள்ளும் சோலினாய்டு, கை படாரென்று வந்து அடிக்காமல் இருக்க ஒரு டேம்பர். இயந்திரம் அவ்வளவே. 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் திறந்த பிக்லி விக்லி மளிகைக் கடையிலேயே சுழல் தடுப்பு இருந்தது. வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொள்ளும் புதுமாதிரிக் கடை. ஆட்களை ஒருவர் பின் ஒருவராக உள்ளே விட்டு, இன்னொரு வழியாக வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. நூறு வருடம் கழித்தும் வேலை மாறவில்லை. ஒரு கார்டுக்கு ஓர் ஆள்.

ட்ரைபாட் மலிவு, பல வருடம் உழைக்கும், தாண்டிக் குதிப்பது சுலபம். அதன் பிறகு ஃப்ளாப் பேரியர், கண்ணாடிக் கதவு வைத்த ஸ்விங் கேட், நீளமான ஸ்பீட் கேட் என்று வந்தன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை கேட்டுகளில் ஆளுயரக் கூண்டு வைப்போம். அதைத் தாண்ட முடியாது, குனிந்தும் போக முடியாது. ஆனால் கையில் தூக்குவாளியும் தோளில் பையுமாகக் காலை ஷிஃப்டுக்கு வருகிற ஒப்பந்தத் தொழிலாளி அதற்குள் நுழைந்து வெளியே வருவதைப் பார்த்தால், அதை வடிவமைத்தவர் ஒரு நாளாவது சாப்பாடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பாரா என்று தோன்றும்.

இந்தத் தொழிலின் சூட்சுமத்தை எனக்குக் காட்டியது ஒரு செக்யூரிட்டி பெரியவர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கிண்டிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வாசலில் நின்றார். தடுப்பு எதுவும் இல்லாத காலம். நான் கேமரா கேபிள் வேலையாக அங்கே போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் அந்த நிறுவனத்தின் மேலதிகாரி கார்டு இல்லாமல் வந்தார். பெரியவர் எழுந்து நின்று வணக்கம் வைத்துவிட்டு, “சார், கார்டு காட்டுங்க சார்” என்றார். “நான் யாருன்னு தெரியுமா, தெரியாதா?” “தெரியும் சார். கார்டு காட்டணும்னு நீங்கதான் சார் சர்க்குலர் போட்டிருக்கீங்க.” அடுத்த வாரம் பெரியவர் அங்கே இல்லை. ஏஜென்சிக்காரர்கள் அவரை ஏதோ கோடவுனுக்கு இரவு ஷிஃப்டில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

சில மாதம் கழித்து அதே இடத்தில் ஃப்ளாப் பேரியர் போட்டோம். அதே மேலதிகாரி வந்தார், கார்டு காலாவதியாகியிருந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி காட்டினார். மறுபடி சிவப்பு. பக்கத்தில் நின்ற புதிய செக்யூரிட்டி பையன் கையைப் பிசைந்துகொண்டு, “நான் என்ன சார் பண்றது, மெஷின் விட மாட்டேங்குது” என்றான். அதிகாரி சிரித்துவிட்டார். அட்மினுக்கு போன் போட்டு, கார்டைப் புதுப்பித்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். யாருக்கும் இடமாற்றம் வரவில்லை.

நம் ஊர் அலுவலகங்களில் வாசலில் நிற்பவர் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறவர்; ஏஜென்சி வழியாக வந்தவர்; இப்போது பெரும்பாலும் அசாமில் இருந்தோ ஒடிசாவில் இருந்தோ பீகாரில் இருந்தோ வந்த, தமிழும் ஆங்கிலமும் தடுமாறும் இருபது வயதுப் பையன். கட்டடத்திலேயே குறைந்த சம்பளக்காரர்களில் ஒருவரை நிறுத்தி, தனக்கு மேலே உள்ள எல்லோரிடமும் ‘முடியாது’ என்று சொல்லச் சொல்கிறோம். அவரால் அது நடக்காது. சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பெரியவர் சாட்சி. தடுப்பு வைப்பதன் முதல் பலன், அந்த ஒரு சொல்லை மனிதனிடமிருந்து வாங்கி இயந்திரத்திடம் கொடுப்பதுதான். திருடனைப் பிடிப்பது, வருகைப் பதிவு, புள்ளிவிவரம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஆகவே, “ரிசப்ஷன் டேபிளுக்குக் கீழே ஒரு திறக்கும் பட்டன் வெச்சிடுங்க” என்று கேட்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். கேட்காத வாடிக்கையாளர் இல்லை. பட்டன் வந்ததும் ‘முடியாது’ மறுபடி மனிதனிடம் வந்துவிடுகிறது. “அண்ணா, கார்டு மறந்துட்டேன், கொஞ்சம் திறங்கண்ணா.” “தம்பி, நாங்க கேன்டீன் ஆளு, கையில அண்டா இருக்கு பாரு.” “எம்.டி. கெஸ்ட் வராங்க, எல்லா லேனும் தொற.” சர்வீஸுக்குப் போகும் புதிய இடங்களில் நான் முதலில் பார்ப்பது மோட்டாரையோ சென்சாரையோ அல்ல. மேசைக்குக் கீழே குனிந்து அந்தப் பட்டனைப் பார்ப்பேன். அதன் மேல் எழுதிய எழுத்து தேய்ந்து போயிருந்தால், அந்தக் கட்டடத்தின் பாதுகாப்பு என்ன நிலையில் இருக்கிறது என்று புரிந்துவிடும்.

பட்டனே கூடாது என்று சொல்லவில்லை. காவலர் தன் கார்டைக் காட்டிய பிறகே அது வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு அழுத்தலும் யார், எப்போது என்று பதிவாக வேண்டும். அந்தப் பட்டியலை வாரம் ஒரு முறை யாராவது படிக்க வேண்டும். கார்டு மறந்தவருக்கு அன்று மாலை வரை மட்டும் செல்லுபடியாகும் தற்காலிகக் கார்டு கொடுக்க வேண்டும். அதை வாங்க ஐந்து நிமிடம் ஆகட்டும். அடுத்த நாள் கார்டு தானாக ஞாபகம் வரும்.

எத்தனை லேன் வேண்டும் என்பது அடுத்த சண்டை. இயந்திரக் கம்பெனி அச்சடித்த புத்தகத்தில் ஒரு லேனில் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது பேர் போகலாம் என்று இருக்கும். அது கார்டைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு, பையே இல்லாமல் நடக்கிற ஆட்களை வைத்துப் பார்த்த கணக்கு. நம் ஆட்கள் லேனுக்குள் வந்து நின்ற பிறகுதான் பையைத் திறந்து கார்டைத் தேடுவார்கள். நான் இருபதுக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. கட்டடத்தில் 1,200 பேர், எட்டே முக்காலில் இருந்து ஒன்பதே கால் வரை வருகிறார்கள் என்றால், சராசரி நிமிடத்துக்கு 40 பேர், இரண்டு லேன் போதும் என்று பர்ச்சேஸ்காரர்கள் கணக்குப் போடுவார்கள். ஆனால் ஆட்கள் சராசரியாக வருவதில்லை. கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். சோழிங்கநல்லூர் சிக்னலில் மாட்டிக்கொண்ட நாலு பஸ் ஒன்றாக வந்து நின்றால், பஸ்ஸுக்கு நாற்பது என்று 160 பேர் ஒரே மூச்சில் இறங்குவார்கள். இரண்டு லேனில் அதைக் கரைக்க நாலு நிமிடம் போதும். ஆனால் அந்த நாலு நிமிடத்தில் வரிசை வாசலைத் தாண்டி வெயிலுக்குப் போய்விடும், அட்மின் ஆள் ஓடி வருவார், செக்யூரிட்டி பட்டனை அழுத்திப் பிடித்துக்கொள்வார், எல்லோரும் கார்டு காட்டாமல் உள்ளே போவார்கள். மிச்சப்படுத்திய ஒரு லேனின் விலை தினமும் காலையில் இப்படிப் போகும். உள்ளே வர மூன்று, வெளியே போக ஒன்று, பழுதானால் மாற்றுக்கு ஒன்று என்று நான் எழுதிக் கொடுப்பேன். பாதிப் பேர் வெட்டிவிடுவார்கள்.

2015 ஜூனில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நல்லது நடந்தது. தடுப்பில் எப்படி நடப்பது என்று சென்னைக்காரர்களுக்கு நாங்கள் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

பொருத்தும் வேலையில் எதிரி தரைதான். ஐடி கட்டடங்கள் பலவற்றில் தளம் போஸ்ட் டென்ஷன் முறையில் போட்டது. கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிக் கற்றைகள் ஓடும். ஆங்கர் போல்ட்டுக்காகத் துளை போடும்போது அதில் ஒன்றை அறுத்தால் தளத்தின் பலமே போகும். ஸ்கேன் செய்து குறி போட்டுக் கொடுக்காமல் ட்ரில்லரைத் தொடாதே என்பதுதான் என் பையன்களுக்கு முதல் பாடம். தரைக்கு அடியில் கேபிள் போக வழி விட வேண்டும் என்பது கட்டும்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் இன்டீரியர்காரர்கள் கிரானைட் போட்டு, பாலிஷ் போட்டு, குத்துவிளக்கும் வைத்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அப்போது கல்லை வெட்ட மனசு வராது. ஒரு மேடை அடித்து அதன் மேல் பெட்டிகளை நிறுத்தச் சொல்வார்கள். மேடைக்குச் சரிவு இல்லாவிட்டால் சக்கர நாற்காலி ஏறாது. கடலுக்குப் பக்கத்துக் கட்டடங்களில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உப்புக் காற்றில் பழுப்புக் கறை ஏறி நிற்கும். 316 வாங்கச் சொன்னால் விலையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள்.

சூரியனும் ஒரு தொல்லை. ஃப்ளாப் பேரியருக்குக் கண் என்பது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஓடும் அகச்சிவப்புக் கதிர்கள். எந்தக் கதிர் எந்த வரிசையில் மறைகிறது என்பதை வைத்து, போவது ஒருவரா இருவரா, எந்தப் பக்கம் போகிறார் என்று கணக்கிடும். மேற்கே பார்த்த கண்ணாடி முகப்பில் சித்திரை மாத நாலரை மணி வெயில் நேராக ரிசீவரில் விழுந்தால் அதற்குக் கண் கூசிவிடும். ஆளே இல்லாமல் அலாரம் அடிக்கும். ரிசீவர் இருக்கும் பக்கத்தை மாற்றி, வெயிலுக்கு முதுகு காட்டுமாறு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்குக் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்ட வேண்டும்.

இழுத்துக்கொண்டு போகும் டிராலிப் பையைச் சில இயந்திரங்கள் பின்னால் ஒட்டி வரும் இரண்டாவது ஆளாக எடுத்துக்கொள்ளும். துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் கதிர் சில நேரம் பார்க்கவே பார்க்காது. அப்போது இறக்கை துணியின் மேல் மூடும். ஒரு பெண்ணுக்கு ஒரு முறை அப்படி ஆனால் போதும், அந்தத் தளத்துப் பெண்கள் எல்லோரும் அந்த லேனை விட்டு ஒதுங்கிவிடுவார்கள். வெளிநாட்டில் பேன்ட் போட்டவர்களை வைத்துச் சரிபார்த்த இயந்திரத்தை இங்கே அப்படியே ஓட விடக் கூடாது. மூடும் வேகத்தைக் குறைத்து, தடங்கல் பட்டால் இறக்கை பின்வாங்கும் விசையை மென்மையாக்கி, சேலை கட்டிய யாரையாவது நாலு தடவை நடக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நான் சாவியை ஒப்படைப்பேன். கர்ப்பிணிகளுக்கு ட்ரைபாட் பக்கமே வேண்டாம். ஒரு லேனாவது 900 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்க வேண்டும். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு இது தயவு பார்த்துச் செய்யும் காரியமும் இல்லை.

கார்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 125 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் பழைய வெள்ளைக் கார்டை நகலெடுப்பது சாவி போடுவதைவிடச் சுலபம். அதை அடுத்து வந்த மைஃபேர் கிளாசிக்கின் ரகசியக் குறியீட்டை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் உடைத்துக் காட்டினார்கள். கட்டுரையை வெளியிடக் கூடாது என்று சிப் தயாரித்த நிறுவனம் நீதிமன்றம் போனது, நீதிபதி மறுத்துவிட்டார். அதற்குப் பிறகும் நம் ஊரில் அந்தக் கார்டுகள் பெட்டி பெட்டியாக விற்றன. ரீடரில் இருந்து கன்ட்ரோலருக்குப் போகும் வயரும் அப்படித்தான். வீகண்ட் என்கிற பழைய முறையில் பச்சை, வெள்ளை என்று இரண்டு வயரில் 26 பிட் எண் அப்படியே திறந்தபடி போகும். புது வேலை என்றால் வயருக்கு ஓஎஸ்டிபி முறையும், கார்டுக்கு டெஸ்ஃபயர் ரகமும் கேளுங்கள். லட்சக்கணக்கில் கண்ணாடிக் கேட்டுக்குச் செலவு செய்துவிட்டு, கார்டில் சில ரூபாய் மிச்சம் பிடிப்பதில் அர்த்தம் இல்லை.

2020-இல் கொரோனா வந்ததும் விரல் ரேகை ரீடர்கள் மேல் செல்லோடேப் ஒட்டினோம். அதற்குப் பதிலாக முகம் பார்க்கும் கேமராக்கள் வந்தன. வசதிதான். ஆனால் தொலைந்த கார்டை ரத்து செய்துவிட்டு வேறு கொடுக்கலாம், கசிந்த முகத்தை மாற்றிக் கொடுக்க முடியாது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு, வேலையை விட்டுப் போனவர்களின் முகப்பதிவை எப்போது அழிப்பீர்கள் என்று நான் எல்லா இடத்திலும் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் ஒரு புன்னகை. முன்பு இருந்த விசிட்டர் நோட்டுப் புத்தகம் மட்டும் என்ன, வந்த பெண்களின் போன் நம்பரை அடுத்து வந்தவர் எல்லாம் படிக்கும்படி வாசலில் திறந்து வைத்திருந்தோம்.

தடுப்பைக் கெடுக்கும் இன்னொரு காரியம், அதை எச்.ஆர். கையில் கொடுப்பது. பாதுகாப்புக்கு வைத்த இயந்திரத்தில் வருகைப் பதிவையும் கட்டினால் ஆட்களுக்கு அதை ஏமாற்ற ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அதுவரை கார்டைப் பற்றிக் கவலைப்படாதவர்கள், டீ குடிக்கப் போன பத்து நிமிடம் கணக்கில் விழக் கூடாது என்று நண்பனோடு ஒட்டிக்கொண்டு வெளியே போவார்கள். வெளியே போனது பதிவாகாததால், திரும்பி வரும்போது ‘நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்’ என்று இயந்திரம் மறுக்கும். இதை ஆன்டி பாஸ்பேக் என்போம். உடனே பட்டன். மாலைக்குள் யார் உள்ளே, யார் வெளியே என்ற பட்டியல் குப்பையாகிவிடும். நாளை ஒரு தீ என்றால் கையில் எடுத்துக்கொண்டு ஆள் எண்ண வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.

முன்வாசலில் இத்தனை செய்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தால் சிரிப்பு வரும். சரக்கு இறக்கும் கதவு மூடாமல் இருக்க இருபது லிட்டர் தண்ணீர் கேனை முட்டுக் கொடுத்திருப்பார்கள். சில இடங்களில் தீயணைப்பு சிலிண்டரையே முட்டுக் கொடுத்திருப்பார்கள். சிகரெட் பிடிக்கப் போகிறவர்களின் கதவு தனி. லேப்டாப் காணாமல் போன ஓர் அலுவலகத்தில் எங்களைக் கூப்பிட்டு இயந்திரத்தில் கோளாறா என்று கேட்டார்கள். கேமராவைப் பார்த்தோம். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தோளில் ஏணியோடு பின்கதவு வழியாக வருகிறார். ஊழியர் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு அவருக்கு வழி விடுகிறார். ஏணி தூக்கி வருகிறவரிடம் இந்த ஊரில் யாரும் கார்டு கேட்பதில்லை. முன்வாசலில் ஐந்தாவது லேன் வாங்குவதற்கு முன் பின்கதவுக்கு ஒரு நல்ல டோர் குளோசரும், திறந்தே கிடந்தால் கத்துகிற பஸ்ஸரும் வாங்குங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். எங்களுக்குக் கிடைத்ததிலேயே சின்ன ஆர்டர் அது.

இனி முக்கியமானது. தடுப்பு எப்படி மூடுகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்படித் திறக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் இருந்தவர்களுக்கு வெளியேறும் வழி அடைபட்டிருந்தது, புகை மூச்சை அடைத்தது. 2012 செப்டம்பரில் கராச்சி ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 250 பேருக்கு மேல் இறந்தபோதும் கதவுகள் பூட்டிக் கிடந்தன. வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. தடுப்புக்கும் அதே நியாயம்தான். மின்சாரம் போனால் ட்ரைபாட்டின் கை தானே தொங்கி விழ வேண்டும், ஃப்ளாப் உள்ளே போய்விட வேண்டும், ஸ்விங் கதவு கையால் தள்ளினால் வழிவிட வேண்டும். தீ எச்சரிக்கை பேனலில் இருந்து தனி வயர் இழுத்து நேரே இயந்திரத்தில் கட்ட வேண்டும். அந்த வயர் அறுந்தாலும் திறக்கும்படி கட்ட வேண்டும். ‘சாஃப்ட்வேரிலேயே செய்துவிடலாம் சார், வயர் எதற்கு’ என்பார்கள். தீ சர்வர் அறையில் ஆரம்பித்தால் சாஃப்ட்வேர் எங்கே இருக்கும்? இந்த விஷயத்தில் மட்டும் நான் பேரம் பேசுவதில்லை. வயர் வேண்டாம் என்றால் வேலையே வேண்டாம் என்று வந்திருக்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைக்கு அடியில் இருக்கும் வாகன நிறுத்தங்கள் நிரம்பி, அங்கே வைத்திருந்த யூபிஎஸ் மூழ்கி, பல வாசல்களில் எங்கள் தடுப்புகள் எல்லாம் திறந்தபடி நின்றன. எனக்கு வந்த போன்களில் பாதி, ‘உங்க மெஷின் ஃபெயில் ஆயிடுச்சு’ என்ற திட்டு. அது பழுது இல்லை, சரியான நடத்தை. அன்று அவை மூடியபடி நின்றிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

அட்மின், ஃபெசிலிட்டி வேலையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தீ ஒத்திகையின்போது செக்யூரிட்டியை முன்கூட்டியே லேன்களைத் திறந்து வைக்கச் சொல்லாதீர்கள். கூட்டம் இருக்கும் காலை நேரத்திலேயே தீ பேனலை அடித்துவிட்டு, ஒவ்வொரு லேனும் தானாகத் திறக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். திறக்காத லேன் ஒன்று இருந்தாலும் அன்றே ஏஎம்சி ஆளைக் கூப்பிடுங்கள். அகல லேனுக்கு முன்னால் அழகுக்கு வைத்த பூந்தொட்டி நின்றால் அதை எடுத்து ஓரமாக வையுங்கள். அதற்கு டெண்டர் விட வேண்டியதில்லை.